என் மேசையில் மட்டும் திறந்த இணைப்புகள்

போன மாதம் துஷாந்தி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் என் கதிரையில் இருக்கும் பிள்ளை அவள். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்கு எந்த அழைப்பு வந்தாலும் முதலில் எனக்குப் பயம்தான் வரும். யாருக்கு என்ன நடந்ததோ, எந்த பில்லைக் கட்டாமல் விட்டேனோ என்று. அவள் சிரித்தபடி கதைத்ததால் மூச்சு வந்தது.

“சேர், புது சிஸ்டம் வந்திட்டுது. இனி வாசிப்புப் பட்டியலுக்கு லிங்க் நாங்கள் செய்யத் தேவையில்லை. லெக்சரர் கட்டுரையின்ர பெயரை அடிச்சால் அதுவே லிங்கைச் செய்து போடும்.”

“அதுவே செய்யும், சரி. ஆர் சோதிக்கிறது?”

“ஐயோ சேர், நீங்கள் இன்னும் மாறேல்லை!”

நிறுவகத்து ஊழியர்கள் வெளியிடும் மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமாம். முன்பு மாணவர்களுக்கு எப்படி இணைப்புக் கொடுத்தோம் என்று. “ரெண்டு பக்கம் காணும் சேர், கூட வேண்டாம். சந்தோஷமான விஷயமா எழுதுங்கோ” என்றாள்.

சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு முறை தொடங்கினேன். நான்கு முறையும் எழுத்து பதிவாளரின் கூட்ட அறையில் போய் நின்றது. ஆகவே அதையே எழுதிவிடுகிறேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்காது. வெட்டவேண்டுமென்றால் துஷாந்தி தொடக்கத்தை வெட்டட்டும்.

நான் நூலகத்துக்கு வந்தது அட்டைகளில் புத்தகப் பெயர்களைத் தட்டச்சுச் செய்வதற்கு. முப்பத்தொரு வருடம் இருந்தேன். அட்டைகள் போயின, கணினி வந்தது, பிறகு ஆய்விதழ்களின் தரவுத்தளங்கள் வந்தன. தரவுத்தளத்துக்கு மூன்று பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். மூன்றிலும் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதில் படித்தது பாதி, மேசையில் தட்டுத்தடுமாறிப் படித்தது மீதி.

எங்கள் நிறுவகம் வேலை செய்கிறவர்களுக்கான மாலைநேரப் பட்டப்படிப்பு நடத்தும் இடம். கப்பல் கம்பனிக் கிளாக்குகள், புறக்கோட்டைக் கடைகளின் கணக்கர்கள், வங்கிக் கவுண்டரில் இருப்பவர்கள் என்று வருவார்கள். ஆறு மணிக்கு வகுப்புத் தொடங்கும். ஆறு மணிக்கு நாங்கள் நூலகத்தைப் பூட்டுவோம். இதில் ஏதும் கோணல் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. அவர்களுக்காகத்தானே இணைப்புகள் இருக்கின்றன, வீட்டிலிருந்து சொடுக்கினால் கட்டுரை வந்துவிடும்தானே என்று நினைத்தேன்.

வேலை இதுதான். விரிவுரையாளர் இந்தத் தவணைக்கு இன்னின்ன கட்டுரைகள் வாசிக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் தருவார். அவை நிறுவகம் சந்தா கட்டும் தரவுத்தளங்களில் இருக்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் இணைப்பைச் செய்து மாணவர்களின் பாடப் பக்கத்தில் நான் போடவேண்டும். விரிவுரையாளர்கள் திரையின் மேலே தெரியும் முகவரியை அப்படியே பிரதியெடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த முகவரி அன்றைக்கு அவர் இருந்து பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் உயிரோடு இருக்கும். அடுத்த நாள் செத்துவிடும். கட்டுரையின் பக்கத்திலேயே ஒரு மூலையில் நிரந்தர முகவரி என்று ஒன்று இருக்கும். அதைத்தான் எடுக்கவேண்டும். இதை விரிவுரையாளர்களுக்கு விளங்கப்படுத்துவதில் எனக்குப் பெருமை. “கலாநிதிப் பட்டம் எடுத்தவை, இது தெரியேல்லை” என்று வீட்டில் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நூலகக் கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளைத் தரவுத்தளக் கம்பனி அடையாளம் கண்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். வெளியே இருப்பவர் முதலில் எங்கள் நிறுவகத்தின் உள்நுழைவுப் பக்கத்துக்குப் போய், பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, அதன் வழியாகத்தான் கட்டுரைக்குப் போகவேண்டும். அதற்காக ஒவ்வொரு நிரந்தர முகவரிக்கும் முன்னால் ஒரு நீளமான துண்டு ஒட்டவேண்டும். எனக்கு முன் இருந்தவர் எல்லாவற்றுக்கும் ஒட்டியிருந்தார்.

நான் பொறுப்பெடுத்தபோது அந்தப் பட்டியல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு இணைப்பும் இரண்டு வரி, சிலது மூன்று வரி. அச்செடுத்தால் வரி உடைந்து கிடந்தது. என் மேசையில் இருந்துகொண்டு, முன்துண்டை வெட்டிவிட்டு ஒன்றைச் சொடுக்கிப் பார்த்தேன். திறந்தது. இன்னொன்றும் திறந்தது. பிறகென்ன, இந்த ஒட்டு எதற்கு என்று இரண்டு கிழமை இருந்து எல்லாவற்றையும் வெட்டினேன். இருநூற்றுப் பதினான்கு இணைப்புகள். தலைமயிர் வெட்டிவிட்ட பிள்ளையைப் போலப் பட்டியல் பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு எனக்கு நானே ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தேன்.

ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் எல்லா இணைப்பையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் சோதிப்பேன். திறந்தால் பச்சைப் புள்ளி. வெட்டிய பிறகு வந்த மூன்று வருடமும் எல்லாம் பச்சை. என்னைப்போல ஒழுங்காகச் சோதிக்கிறவர் வேறு நூலகங்களில் இருப்பாரா என்று நினைத்ததுண்டு. சோதித்தது முழுவதும் என் மேசையில் இருந்து. அதாவது கட்டடத்துக்குள் இருந்து.

எங்கள் நூலகரைப் பற்றிச் சொல்லவேண்டும். திருமதி செல்லத்துரை. நாங்கள் ‘மிஸ்’ என்போம். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது. என் பெயர் நீளும். நல்ல நாட்களில் நான் ‘நடா’. ஏதாவது பிழைத்தால் ‘நடராசா’. நன்றாகப் பிழைத்தால் ‘மிஸ்டர் நடராசா’. அந்த மூன்றாவதை அதுவரை ஐந்தே தடவைதான் கேட்டிருந்தேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மாணவர் வந்து புத்தகம் தட்டில் இல்லை என்றால், நாங்கள் கணினியைப் பார்த்து “இருக்குது, வடிவாப் பாருங்கோ” என்று திருப்பி அனுப்புவோம். மிஸ் அப்படி அனுப்பமாட்டார். “எங்க நிண்டு பாத்தனீங்கள்?” என்று கேட்பார். எழுந்து அந்தப் பிள்ளையோடு போய், அது நின்ற அதே இடத்தில் நிற்பார். பிள்ளை குள்ளமென்றால் அந்த உயரத்துக்கு முழங்காலை மடக்கிக் குனிந்து தட்டைப் பார்ப்பார். ஆள் நல்ல உயரம், சேலை வேறு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஒருமுறை அப்படிக் குனிந்தவர், “நடா, இஞ்ச வந்து குனியும். மேல்தட்டின்ர விளிம்பு மறைக்குது” என்று என்னையும் குனியவைத்தார். உண்மைதான், மறைத்தது. நான் சிரித்தேனே தவிர, அதிலிருந்து ஒன்றும் படிக்கவில்லை.

இணைப்புத் திறக்கவில்லை என்று மாணவர்களிடமிருந்து இடைக்கிடை மின்னஞ்சல் வரும். அதற்கென்று ஒரு பதிலை எழுதி வைத்திருந்தேன். ‘தாங்கள் குறிப்பிட்ட இணைப்பு பரிசோதிக்கப்பட்டது. வேலை செய்கிறது. தங்கள் இணைய வசதியைச் சரிபார்க்கவும்.’ பரிசோதிக்காமல் ஒருநாளும் இதை அனுப்பியதில்லை. ஒவ்வொரு தடவையும் சொடுக்கி, திறக்கிறதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அனுப்பினேன். அரை மணித்தியாலத்துக்குள் பதில் போய்விடும். பதில் கிடைத்த பிறகு அநேகமானவர்கள் திரும்ப எழுதுவதில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஜெனிற்றா மூன்று முறை எழுதினாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் கிரேன் இயக்கியவர். அவள் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் கிளாக். கம்பனிதான் படிப்புக்கு அனுப்பியிருந்தது, ஒரு பாடமும் விடாமல் அந்த வருடத்துக்குள் சித்தியடையவேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு பாடம் பிழைத்தாலும் படிப்பு நின்றுவிடும். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அவள் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும்தான்.

ஒன்பதாவது கட்டுரை திறக்கவில்லை, டொலரில் காசு கேட்கிறது என்று முதலாவதில் எழுதினாள். என் பதில் போனது. ஒன்பது மட்டுமல்ல, பதினொன்றும் அப்படித்தான் என்று இரண்டாவதில் எழுதினாள். அதே பதில். மூன்றாவதில் ஒரே வரி: ‘அந்தக் காசை நான்தான் கட்டவேண்டுமா சேர்?’ அதற்கு மட்டும் ஒரு வசனம் புதிதாகச் சேர்த்தேன். ‘கட்டவேண்டியதில்லை. இணைப்பு வேலை செய்கிறது.’

பிறகு அவள் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து மிஸ்ஸுக்கும் எனக்கும் அழைப்பு வந்தது. ஒரு மாணவி தன் பாடத்துக்கு எழுதிக் கொடுத்த ஒப்படையில், வாசிக்காத கட்டுரையை வாசித்ததாகக் காட்டி மேற்கோள் எழுதியிருக்கிறாள், விசாரணை, மடிக்கணினியோடு வரவும் என்று. குற்றம் உறுதியானால் அந்தப் பாடம் ரத்து. அடுத்த வருடம் திரும்பப் படிக்கவேண்டும்.

கூட்ட அறையில் நான்கு பேர் இருந்தார்கள். பதிவாளர் ஒரு சிங்களக் கனவான், தமிழ் நன்றாகக் கதைப்பார். விரிவுரையாளர் குலசேகரம். ஜெனிற்றா, மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. மற்றது மிஸ், எனக்கு முன்னமே வந்துவிட்டார். நான் ஐந்தாவது. பெரிய திரையோடு என் கணினியைப் பொருத்தினார்கள்.

குலசேகரம் விஷயத்தைச் சொன்னார். துறைமுகத் தொழிலாளரின் வேலைமுறை நேரத்தைப் பற்றிய கட்டுரை அது. நேரத்தைக் குறைத்தால் விபத்துக் குறைகிறதா என்று ஆராய்கிறது. குறையவில்லை என்பதுதான் அதன் முடிவு. இவள் குறைகிறது என்று எழுதி, அந்தக் கட்டுரையையே சான்றாகவும் காட்டியிருக்கிறாள்.

“சுருக்கத்தை மட்டும் பாத்திட்டு மிச்சத்தை ஊகிச்சிருக்கிறா. கேட்டால் லிங்க் திறக்கேல்லையாம். முந்தி பஸ் பிந்திப்போச்சு எண்டு வருவினம். இப்ப லிங்க் திறக்கேல்லை எண்டு வருகினம்.” என் பக்கம் திரும்பினார். “நடராசா, ஒருக்கா ஒன்பதாம் நம்பரைத் திறந்து காட்டும்.”

சொடுக்கினேன். கட்டுரை முழுவதும் திரையில் வந்து நின்றது. அட்டவணைகளோடு, இருபத்திரண்டு பக்கமும்.

“எத்தினை செக்கன்?” என்று கேட்டார்.

“ரெண்டு” என்றேன். எண்ணித்தான் சொன்னேன். அந்த ‘ரெண்டு’ என்ற சொல்லை எவ்வளவு திருப்தியோடு சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

ஜெனிற்றா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. தான் கண்டதையே சந்தேகிக்கிற பார்வை.

“எனக்கு வந்தது இது இல்ல சேர்” என்றாள், மெதுவாக. “காசு கேட்டிச்சி.”

“இப்ப கேக்கேல்லையே, பிள்ளை” என்றார் குலசேகரம்.

“ஆமா சேர். இப்ப கேக்கல்ல.”

பதிவாளர் பேனையை எடுத்தார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.  மிஸ் தன் கதிரையைக் கொஞ்சம் ஜெனிற்றாவின் பக்கம் திருப்பினார்.

“எங்க நிண்டு பாத்தனீங்கள், பிள்ளை?”

“வீட்டுல மிஸ். கொட்டாஞ்சேனையில. ஃபோன்லதான்.”

“ஃபோன் இப்ப கையில இருக்கா?”

“இருக்கு மிஸ்.”

“இஞ்சத்தை வைஃபையை நிப்பாட்டிப்போட்டு உங்கட டேட்டாவைப் போடுங்கோ. அதே லிங்கைத் திறங்கோ. ஆறுதலாச் செய்யுங்கோ, அவசரமில்லை.”

அவள் இரண்டு தடவை பிழையாக அமர்த்தினாள். மூன்றாவது தடவை திறந்தது. மிஸ் எழுந்து போய் அவளுக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தார். போனை வாங்கி மேசைக்கு நடுவில் வைத்தார்.

கட்டுரையின் தலைப்பு. கீழே ஆறு வரிச் சுருக்கம். அதற்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் டொலர்க் கணக்கு, கடனட்டை இலக்கம் கேட்கும் இடம். வேறு ஒன்றும் இல்லை. உள்நுழைவுப் பக்கத்துக்குப் போகும் வழி எங்குமே இல்லை. ஏனென்றால் அந்த வழியைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

பதிவாளர் குனிந்து பார்த்தார். “அய்யோ, சல்லி இல்லனவனே!” என்றார், தன்னையறியாமல் சிங்களத்தில். “நடராசா, இது காசு கேக்குதே!”

“அது… வெளியில நிண்டு திறந்தால்…” என்று தொடங்கினேன்.

“நாங்கள் லிங்க் குடுக்கிறது வெளியில நிக்கிற ஆக்களுக்குத்தானே, மிஸ்டர் நடராசா?” என்றார் மிஸ்.

ஆறாவது தடவை.

குலசேகரம் இலேசில் விடுகிறவரல்ல. “சரி, திறக்கேல்லை எண்டே வைப்பம். வாசிக்காததை வாசிச்ச மாதிரி எழுதினது பிழைதானே?” அது நியாயமான கேள்வி. எல்லோரும் ஜெனிற்றாவைப் பார்த்தோம்.

“பிழைதான் சேர்” என்றாள் அவள். “சுருக்கத்த மட்டும்தான் வாசிச்சேன். ஒப்படைக்கு ஒரு நாள்தான் இருந்திச்சி. நேரம் கொறஞ்சா விபத்தும் கொறயும்தானேன்னு நானே நெனச்சி எழுதிட்டேன். எங்கப்பா அப்படித்தான் சொல்லுவாரு.”

“அப்ப ஏன் நாலாவது தரம் எங்களுக்கு எழுதேல்லை?” இதைக் கேட்டது நான். ஏன் கேட்டேன் என்று தெரியாது. என் பக்கத்தில் ஏதாவது ஒரு துரும்பு கிடைக்குமா என்றுதான் இருக்கும்.

“நீங்க மூணு தரமும் வேல செய்யுதுன்னு சொன்னீங்களே சேர். அப்ப எனக்குத்தான் ஏதோ தெரியல்லன்னு நெனச்சேன்.”

பதிவாளர் தீர்ப்பைச் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. பாடம் ரத்தில்லை. இரண்டு கிழமை அவகாசம், கட்டுரையை முழுவதும் வாசித்து ஒப்படையைத் திரும்ப எழுதவேண்டும். அவள் “தேங்க் யூ சேர்” என்று எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். எனக்கும் சொன்னாள். வெளியே நடைபாதையில் என்னிடம் வந்து, “சொறி சேர், என்னால உங்களுக்குக் கரச்சல்” என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று அதன்பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது, “பரவாயில்லை.” அவள் மன்னிப்புக் கேட்க நான் மன்னித்துவிட்டேன்.

அவளுடைய கதையை முடித்துவிடுகிறேன். அவள் எழுதிக் கொடுத்தாள், சித்தியடைந்தாள். கட்டுரை சொல்கிற துறைமுகத்திலும் தன் தகப்பன் வேலை செய்த துறைமுகத்திலும் இடைவேளைகள் ஒன்றல்ல, ஆகவே அந்த முடிவை இங்கே அப்படியே எடுக்க முடியாது என்று எழுதினாளாம். குலசேகரம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் புள்ளி போட்டார்.

என் கதை நூலகத்துக்குத் திரும்பி வந்தபோதுதான் தொடங்கியது. மிஸ் தன் அறைக்குப் போகாமல் என் மேசைக்கு வந்து நின்றார்.

“வேலை செய்யுது எண்டு எத்தினை பேருக்கு எழுதினனீங்கள்?”

எனக்கு அது உடனே தெரியும். எதையும் எண்ணி வைக்கிறவனுக்கு வேறென்ன தெரியும்? “பதினேழு மின்னஞ்சல் மிஸ். ஜெனிற்றாவை விட்டுப் பதினொரு ஆக்கள்.”

“பதினொரு பேருக்கும் ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ. அவையில பிழையில்லை, எங்களில பிழை எண்டு.”

“மின்னஞ்சல் போட்டால் காணாதோ மிஸ்?”

“காணாது.”

முதலில் இணைப்புகளைத் திருத்தினேன். வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டினேன், இருநூற்றுப் பதினான்குக்கும், பிறகு நான் சேர்த்தவற்றுக்கும். இந்தத் தடவை என் மேசையில் இருந்து சோதிக்க மனம் துணியவில்லை. எங்கள் வைஃபை வாசல் வரை எட்டும் என்பதால் கேற்றுக்கு வெளியே போய், காலி வீதியில் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு, என் சொந்த டேட்டாவில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாளுக்கு நாற்பது இணைப்பு. கல்கிசை பஸ் ஒவ்வொன்றும் எனக்காக நிறுத்தும். நான் இல்லை என்று தலையாட்ட, கொண்டக்டர் ஏசிவிட்டுப் போவான். மூன்றாம் நாள் ஒருவன் வாசலில் தொங்கியபடி, “அங்கிள், இண்டைக்காவது ஏறுவீங்களா? இல்லாட்டி இந்த ஹோல்ட்டுக்கு உங்கட பேரை வைப்பமா?” என்றான். பஸ்ஸே சிரித்தது. எங்கள் காவலாளி அதை உள்ளே போய்ச் சொல்ல, நூலகமும் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தேன். உள்நுழைவுப் பக்கம் வந்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, பிறகு கட்டுரை திறந்தால்தான் பச்சைப் புள்ளி. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு தவணையும் அப்படித்தான் சோதித்தேன். மழையென்றால் குடையோடு.

அடுத்தது தொலைபேசி. அதை நான்கு நாள் தள்ளிப்போட்டேன். முன்பின் தெரியாதவர்களுக்கு எடுத்து, ‘பிழை என்னுடையது’ என்று சொல்வதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

முதலில் ஒரு வங்கிக்காரப் பெண். “அந்த லிங்கா சேர்? அது ஆருக்கும் திறக்கிறேல்லைதானே” என்றாள் சாதாரணமாக. வகுப்பில் யாராவது ஒருவர் சனிக்கிழமை நூலகத்துக்கு வந்து எல்லாக் கட்டுரையையும் இறக்கி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்களாம். “பிறகு என்னையும் குரூப்பில சேர்த்தவை, எல்லாம் அதில வந்தது. நீங்கள் ஏன் கவலைப்படுறீங்கள்?” அறுபது பேருக்குக் கொடுத்த கட்டுரையை ஒரே ஒருவர் திறந்து, மற்றவர்களுக்குக் கை மாற்றியிருக்கிறார். மூன்று வருடமாக. எத்தனை இணைப்புக் கொடுத்தேன் என்று எண்ணிய நான், எத்தனை பேர் திறந்தார்கள் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. குழுவில் இல்லாதவர்கள்தான் எனக்கு எழுதியிருக்கிறார்கள். பிந்திச் சேர்ந்தவர்கள், சனிக்கிழமையும் வேலை செய்கிறவர்கள், யாரிடமும் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்.

இன்னொருவர் என்னைத் திருடன் என்றே முடிவுகட்டிவிட்டார். “லிங்க் சம்பந்தமா எடுக்கிறன்” என்றதும் வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன். “ஓடிபி கேக்கத்தானே?” திரும்ப வைத்தார். மூன்றாம் தடவை, “தம்பி, நான் நூலகத்திலயிருந்து கதைக்கிறன்” என்றேன். “அடேயப்பா, இப்ப நூலகத்தின்ர பேரிலயும் தொடங்கிட்டீங்களா?” கடைசியில் அவருடைய பாடக் குறியீட்டைச் சொன்ன பிறகுதான் நம்பினார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “இதுக்கா மூண்டு தரம் எடுத்தனீங்கள்?” என்றார்.

இப்படிப் பத்துப் பேர். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

பதினோராவது ஆள் பகலில் தொலைபேசி எடுப்பதில்லை. பெயர் மோகன். ஹற்றன் பக்கத்துப் பிள்ளை, புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார். ஒருநாள் மதியம் எடுத்தார். பின்னால் தள்ளுவண்டிச் சத்தமும் யாரோ கத்துவதும் கேட்டது.

“சொல்லுங்க சார்.”

சொன்னேன். அதற்குள் பத்துத் தடவை சொன்னதால் வசனம் பாடமாகியிருந்தது. உங்களில் பிழையில்லை, இணைப்பில்தான் பிழை, அதைச் செய்தது நான், இப்போது திருத்திவிட்டேன்.

அவர் கடைக்கு உள்பக்கம் போனார் போல, தள்ளுவண்டிச் சத்தம் குறைந்தது.

“நான் அந்தக் கோர்ஸ விட்டுட்டேனே சார்” என்றார். “மொதத் தவணையோடயே.”

“ஏன் தம்பி? இதாலயா?”

“இல்ல இல்ல சார், அப்படியெல்லாம் இல்ல.” அவசரமாகச் சொன்னார், என்னைப் பயப்படுத்திவிட்டோமோ என்கிற மாதிரி. “வேலையும் கூட. கட்டுரை எதுவும் தெறக்கல. உங்களுக்கு எழுதினேன், எல்லாம் சரியா இருக்குன்னு பதில் வந்திச்சி. அப்ப நமக்குத்தான் இந்தக் கம்பியூட்டர் படிப்பெல்லாம் சரிவராது போலன்னு நெனச்சி விட்டுட்டேன். அவ்வளவுதான் சார்.”

 திரும்பச் சேர முடியுமா என்று பதிவாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னேன். பிறகு உண்மையாகவே கேட்டேன். விலகியவர்கள் புதிதாக விண்ணப்பித்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார்கள். ஆனால் மோகன் அந்த அழைப்பிலேயே மறுத்துவிட்டார்.

“அதெல்லாம் வேணாம் சார். இப்ப கல்யாணமும் ஆயிருச்சி. அந்த மொதக் கட்டுரை மட்டும் இருக்கில்ல, கடன் வியாபாரத்தப் பத்தி? தலைப்பப் பாத்து ரொம்ப ஆசைப்பட்டேன். நம்ம தெரு வியாபாரமே அதுதானே. அந்த லிங்க மட்டும் அனுப்புங்க சார். சும்மா வாசிச்சிப் பாக்கத்தான்.”

மனம் கொஞ்சம் இலேசானது. அந்த நிமிடமே அனுப்பினேன். நிரந்தர முகவரி, முன்துண்டு ஒட்டியது, சோதித்தது. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பத்து நிமிடத்தில் அவரே எடுத்தார்.

“சார், இப்ப காசு கேக்கல. பேரும் பாஸ்வேர்டும் கேக்குது. பழசப் போட்டேன். பதிவு இல்லன்னு சொல்லுது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்நுழைவு பதிவு செய்த மாணவர்களுக்கு மட்டும். அவர் விலகிய அன்றே அவருடைய பெயரை எடுத்திருப்பார்கள். அதை ஒருவாறு சொல்லி முடித்தேன்.

“அப்ப லிங்க் சரியாத்தான் வேல செய்யுது சார்” என்றார் மோகன்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டு. கடையில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார். பதினேழு மின்னஞ்சலில் நான் எழுதி அனுப்பிய வசனம் அது.